பொய்யறியும் மந்திரத்துக்குப் பதினாலு புள்ளி

பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவன் இருமினால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணார்பேட்டையில் நான் நிற்கும் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாடைதான். ஆனால் பங்குனியில் வந்த இருமல் சித்திரையிலும் போகவில்லை. வலது விலாவில் குத்தல் வந்தது. சாயங்காலமானால் மேல் காய்ந்து காய்ச்சல் அடித்தது. ஒருநாள் இருபது லிட்டர் டப்பாவைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டேன். மூச்சு பாதியில் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதச் சொன்னது என் மனைவி செண்பகம். "உங்களுக்கு வாயால சொல்ல வராது. எழுதியாவது வையுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றாள். நான் பத்தாவது வரை படித்தவன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருப்பதைக் காட்டினார். நுரையீரலைச் சுற்றி இரண்டு சவ்வு உண்டாம். அவற்றுக்கு நடுவே நீர் கட்டிக்கொண்டு நுரையீரலை மேலே அழுத்துகிறதாம். "ஏன் நீர் கட்டுது என்பதுதான் கேள்வி" என்றார். கேள்வி என்று சொன்னாரே தவிர, பதில் என்னென்ன இருக்கலாம் என்று என்னிடம் சொல்லவில்லை. செண்பகத்தையும் என் மச்சினன் கணேசனையும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவு கண்ணாடிக் கதவு. வாய் அசைவது தெரிந்தது. செண்பகம் முந்தானையை வாயில் வைத்தாள். அங்கே தொடங்கியது என் சந்தேகம்.

சந்தேகம் என்றால் எல்லாவற்றிலும்தான். என் சித்தப்பா ஒருவர் புற்றுநோயில் செத்தார். கடைசி நாள்வரை அவரிடம் வாய்வுக் கோளாறு என்றே சொன்னோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால் "ஒண்ணுமில்ல" என்ற சொல்லை எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஆண்கள் அறையில் ஆறு கட்டில். இரண்டாம் நாள் விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாயைச் செருகினார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்கு அடியில் இருந்த கண்ணாடி ஜாடியின் தண்ணீருக்குள் இருந்தது. நான் மூச்சு இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். முதலில் வந்த நீர் இளம் வைக்கோல் நிறம். எங்கள் கடை நிற அட்டையில் அதற்கு ஒரு எண் உண்டு. குழாய் போடும்போதே சவ்வில் ஒரு துளி கிள்ளி எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அன்று சாயங்காலம் ஜாடியில் லேசாகச் சிவப்பு கலந்தது. சதை கிள்ளிய இடத்து ரத்தம், பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் ஜாடியைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் காஜா மைதீன் என்று ஒருவர். மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். குவைத்தில் சண்டை வந்தபோது கையில் ஒரு பையோடு திரும்பி வந்து, மறுபடி துபாய் போய் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தவர். லீவில் வந்த இடத்தில் ஆட்டோ கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. காலில் பட்டை சுற்றி, கட்டில் நுனியில் கப்பி வைத்து, இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு நேராக நிற்பதற்காம். அவர் மடியில் எப்போதும் ஒரு நீள நோட்டும், ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய தடித்த புத்தகம் ஒன்றும் இருக்கும். எழுதிக்கொண்டே இருப்பார். நடுநடுவே என்னைப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் அவர் தூங்கும்போது நோட்டு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட தாளின் தலைப்பில் என் பெயர். கட்டில் அட்டையில் எழுதியிருந்தபடியே இனிஷியலோடு. அதன் கீழே வலு, புத்தி, உயிர். உயிர் என்பதற்கு எதிரே கேள்விக்குறி.

டாக்டர் என்னிடம் சொல்லாத கணக்கு இவரிடம் எப்படி வந்தது? இன்ஷூரன்ஸ் ஆளா, மச்சினன் வைத்த ஆளா? கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வராது. கடையில் வாடிக்கையாளர் கிழிந்த ரூபாய் நோட்டைக் கொடுத்தால்கூட மாற்றித் தரச் சொல்லக் கூச்சப்பட்டு என் கைக்காசைப் போட்டவன் நான். அன்று முழுவதும் அவர் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தேன்.

மறுநாள் அவரே பேசினார். "அண்ணாச்சி, நோட்டப் பாத்துட்டீரு போல. நேத்துல இருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டே கெடக்கீரு."

நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அது வெளயாட்டு வே. ஒம்ம கட்டில்ல முன்னால கெடந்த மனுசன் என்கூட வெளயாடிக்கிட்டு இருந்தாரு. குடலிறக்கம் சரியாயி வீட்டுக்குப் போயிட்டாரு. கதை பாதியில நிக்கி. ஆளு வேணும்லா?"

துபாயில் தொழிலாளர் குடியிருப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இதை விளையாடக் கற்றுக் கொடுத்தாராம். அந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் இருப்பது இதன் விதிகள்தானாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர் அந்தக் கதைக்குள் ஒரு ஆளாக நடப்பார். அந்த ஆளுக்கு என்னென்ன திறமை என்று முதலிலேயே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏதாவது செய்ய நினைத்தால் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி போட்ட இரண்டு பகடைக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணோடு அந்தத் திறமையின் புள்ளியைக் கூட்ட வேண்டும். பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். கட்டை என்றதும் சூது என்று நினைத்தேன். சிஸ்டரும் அப்படித்தான் நினைத்து ஒருமுறை கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். "சிஸ்டர், பத்துப் பைசா பந்தயம் கெடையாது. வேணும்னா நீங்களும் ஒரு ராணியா வாங்க" என்று மைதீன் பாய் கெஞ்சித் திரும்ப வாங்கினார்.

"நீரு யாரா வாரீரு? வாள்காரனா, மந்திரவாதியா?"

எதைச் சொன்னாலும் அதில் ஏதோ இருக்கும் என்று தோன்றியது. "ரெண்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். "ரெண்டும்னா கஷ்டம் அண்ணாச்சி. ஆனா நல்ல ஆளு. இருவது புள்ளி தாரேன். வாளு, ஒடம்பு வலு, கேடயம். மந்திரத்துல நாலு இருக்கு: நெருப்பு விடுதது, காயம் ஆத்துதது, கண்ணுக்குத் தெரியாம நடக்கது, பொய்யறியது. பிரிச்சுப் போடும். இரும்புச் சட்டை போட்டா மந்திரம் ஏறாது, தோல் சட்டைதான். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு போட்டுத் தொலைச்சிராதயும்."

அது எனக்குப் புரிந்தது. எல்லா நிறத்தையும் சமமாகக் கலந்தால் சேறுதான் வரும். அடிப்படை நிறம் ஒன்று, அதில் சொட்டுச் சொட்டாக மற்றது. கடையில் நான் தினமும் செய்யும் வேலை. அதைச் சொன்னேன். மைதீன் பாய் எழுந்து உட்காரப் பார்த்தார். செங்கல் ஆடியது. "அதேதான் வே! வாளை அடியில வையும். வாளு செய்ய முடியாத வேலைக்கு மட்டும் மந்திரம் ஒரு சொட்டு. வெட்டுததுக்கு வாளு இருக்கும்போது நெருப்பு எதுக்கு? காயம் ஆத்துததுல கொஞ்சம் போடும். அது வாளால ஆவாது."

நல்ல யோசனைதான். அதனாலேயே சந்தேகம் வந்தது. கதை சொல்கிறவர் இவர். என்னை வாள் எடுக்கச் சொல்கிறார் என்றால் வாளுக்கு அடங்காத எதையோ கதையில் வைத்திருக்கிறார். நான் ஒருநாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் எழுதினேன்: வாள் இரண்டு, உடல் வலு நாலு, பொய்யறிதல் பதினாலு. ஆளின் பெயர் மாடன்.

மைதீன் பாய் தாளை வாங்கிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தார். "நான் எம்புட்டோ பேரப் பாத்துருக்கேன். இத ஒருத்தரும் எடுத்ததில்ல. பைய யோசிச்சுச் சொல்லும். போட்டாப் போட்டதுதான், பெறவு மாத்த முடியாது."

"இருக்கட்டும்."

"கட்டையில ஆகக் கொறஞ்சா ரெண்டு விழும். பதினாலும் ரெண்டும் பதினாறு. அப்ப நீரு ஒருத்தன் பொய்யக் கண்டுபிடிக்காமப் போவவே மாட்டீரு. வாளுல ரெண்டு ஆறு விழுந்தாலும் பதினாலுதான். அப்ப நீரு ஒருத்தனையும் ஜெயிக்கவே மாட்டீரு. சம்மதமா?"

சம்மதித்தேன்.

கதை பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் ஒரு கோட்டை. வாசலில் ஒரு காவல்காரன். மாடன் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். "உள்ள ஒண்ணுமில்ல, திரும்பிப் போ" என்றான் காவல்காரன். நான் உருட்டினேன்.

"பொய் சொல்லுதான்" என்றார் மைதீன் பாய்.

"என்ன பொய்?"

"அத மந்திரம் சொல்லாது. பொய்யா மெய்யா, அம்புட்டுதான்."

"அப்ப உள்ள என்ன இருக்கு?"

"உள்ள போயிப் பாரும்."

போகவில்லை. கோட்டையைச் சுற்றி வந்தேன். ஆடு மேய்க்கிறவனைக் கேட்டேன், விறகுக்காரியைக் கேட்டேன், ஆற்றில் பரிசல் விடுகிறவனைக் கேட்டேன். எல்லோரும் பொய் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. என் மூச்சு சீராகிக்கொண்டு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஜாடியில் நீர் வருவது நின்றதும் குழாயை எடுத்துத் தையல் போட்டார்கள்.

அந்த நாட்களில் என்னைச் சுற்றி அன்பு கூடிக்கொண்டே போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. கணேசன் நாளுக்கு இரண்டு தரம் வந்து கால் அமுக்கினான். என்னிடம் ஐந்து வருஷமாகச் சரியாகப் பேசாதவன். அவன் பெண்டாட்டி சொதி வைத்து இஞ்சித் துவையலோடு கொடுத்தனுப்பினாள். கல்யாண வீட்டு மறுநாள் வைக்கிற குழம்பு அது. ஆஸ்பத்திரிக்கு எதற்கு? முதலாளி ஆப்பிளோடு வந்து, "வேலை எங்கயும் போவாது, நல்லா இரும்" என்றார். தீபாவளிக்கே ஒரு கிலோ இனிப்புக்கு மேல் தராதவர். அவரோடு வந்த ஆறுமுகம் மட்டும் அறைக்குள் வரவில்லை. ஆறுமுகம் எங்கள் கடையில் டப்பா இறக்குகிறவர். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பதினோராம் நாள். செண்பகமும் கணேசனும் மாடிப்படிப் பக்கம் நிற்பது தெரிந்தது. கணேசன் கையில் பழுப்பு உறை. பத்து நிமிஷம் கழித்து அவள் மட்டும் வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"ஏளா, மதுரையில இருந்து ரிப்போர்ட் வந்துட்டா?"

"இன்னும் வரல. வரும்."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க ஹார்லிக்ஸக் குடிங்க."

பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். அவள் அதை எடுத்து, மீதியை அப்படியே வாய் வைத்துக் குடித்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் குடித்த எச்சில் டம்ளரில் அவள் குடித்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் தூக்கிக் குடிக்கிற பழக்கம். குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். போகப்போகிறவனிடம்தான் இப்படி நடந்துகொள்வார்கள். புற்றுநோய்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. டாக்டர் காலையில் வருவார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார், "நல்லாருக்கு" என்பார், அடுத்த கட்டிலுக்குப் போவார். என் வாயில் கேள்வி வந்து நிற்கும். அவர் போன பிறகு அதை விழுங்குவேன்.

மைதீன் பாய்க்கு என் விளையாட்டு சலித்துவிட்டது. "ஒரு வாரமா அந்தக் கோட்டையச் சுத்தி வாரீரு. ஊர்ல இருக்கவன் பூராவும் பொய்யன்னு கண்டுபிடிச்சாச்சு. என்ன செய்யப் போறீரு?"

"புள்ளியை மாத்தித் தாரும் பாய். பொய்யறியதுல இருந்து பத்தை எடுத்து வாளுல போடுதேன்."

"மாத்த முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா. ஒரு வாரம் சாகாம இருந்ததுக்கு ஒரு புள்ளி உண்டு. அத வேணும்னா எடுத்துக்கிடும்."

அதை வாளில் போட்டேன். மூன்று. ரெண்டு கட்டையிலும் ஆறு விழுந்தால் பதினைந்து. அது ஒன்றுதான் வழி.

"மாடன் வாசல்ல நிக்கான். காவல்காரன் ஈட்டியக் குறுக்க நீட்டுதான். என்ன செய்யுதான்?"

"உள்ள போறான்" என்றேன். கட்டையைக் கையில் எடுத்துக் குலுக்கினேன்.

அந்த நேரம் டாக்டர் அறைக்குள் வந்துவிட்டார். கட்டையை மூடிய கையோடு உட்கார்ந்திருந்தேன். வந்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், "நல்லாருக்கு" என்றார், திரும்பினார்.

"டாக்டர்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்குப் புத்துநோயா?"

அறையில் ஆறு கட்டிலும் திரும்பியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது? உங்களுக்கு டி.பி. நுரையீரல் சவ்வுல வந்திருக்கு. ஆறு மாசம் மாத்திரை. முந்தாநாளே உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேனே. சிவப்பு மாத்திரை ரெண்டு நாளா முழுங்குறீங்களே, ஒண்ணுக்குச் செம்மஞ்சளா போகலையா?"

போனது. அதையும் ரத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சளியை மூன்று நாள் சோதித்ததில் கிருமி இல்லை என்றும், இந்த வகை மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் பரவாது என்றும், ஆனால் மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்றும் விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். படிக்கிறவர்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும். அப்போது விடத் தோன்றும். விடக்கூடாது.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த செண்பகத்திடம் கேட்டேன். "டி.பி.ன்னு சொன்னா நான் என்ன செத்தா போயிருவேன்? எதுக்குளா மறைச்ச?"

அவள் தூக்கைத் திறக்காமல் வைத்தாள். "நீங்கதான ஆறுமுகத்துக்குத் தனி டம்ளர் வச்சீங்க."

நான் தலையணையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஆறு வருசம் முன்ன. அந்த மனுசன் இருமுதாருன்னு நீங்களே கடையில போயி டம்ளர் வாங்கி, அடியில பச்சைப் பெயிண்ட்ல பொட்டு வச்சு, இனிமே அவருக்கு இதுலதான்னு சொன்னீங்க. வீட்டுல வந்து பெருமையாச் சொன்னீங்க. அவருக்கு டி.பி.ன்னு எவரும் சொல்லல, நீங்களாச் சொன்னீங்க. இப்ப உங்களுக்குன்னு தெரிஞ்சா நீங்க தாங்குவீகளா? தனிச் சட்டி, தனிப் பாயின்னு ஒதுங்கிருவீக. எனக்குத் தெரியாதா உங்கள?"

"அப்ப அந்த ஹார்லிக்ஸ்?"

"ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதான் குடிச்சேன்." தூக்கைத் திறந்து சோற்றைப் போட்டாள். "பயந்துகிட்டேதான் குடிச்சேன். சாப்பிடுங்க."

அவள் போனபிறகு மைதீன் பாயைப் பார்த்தேன். அவர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒமக்கும் தெரியுமா?"

"தெரியும். ஒம்ம வீட்டுக்காரம்மா அன்னைக்கே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

"ஏன் வே சொல்லல?"

"ஊர்ல ஆடு மேய்க்கவன்கிட்ட எல்லாம் உருட்டுனீரு. எங்கிட்ட ஒரு தடவையாவது உருட்டுனீரா?"

உண்மைதான். விளையாட ஆரம்பித்த பிறகு நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் அவர்.

காலையில் உருட்டாமல் வைத்த கட்டையை அப்போதுதான் உருட்டினேன். நாலும் ஒன்றும். காவல்காரன் ஈட்டியால் குத்தினான். மாடனின் வலு நாலிலிருந்து ஒன்றானது. "சாகல" என்றார் மைதீன் பாய். "ஆனா விழுந்துட்டான். வாசலுக்கு உள்பக்கமா விழுந்துட்டான் வே."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு கெணறு. நாலு கோழி. காவல்காரன் பொண்டாட்டி காய்ச்சல்ல படுத்துருக்கா. அத வெளிய தெரியாம மறைச்சு வச்சிருந்துருக்கான்."

அவர் முதலிலேயே அப்படி வைத்திருந்தாரா, அந்த நிமிஷத்தில் சேர்த்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. நான் வீட்டுக்குப் போகும் நாளில் என் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அவருக்கு இன்னும் மூன்று வாரம் செங்கல் பாக்கி.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். பதினோரு மணிக்கு டீத் தூக்கு வந்தது. ஆறுமுகம்தான் எப்போதும் ஊற்றுவார். எனக்கு ஒரு டம்ளரை எடுத்தார். தனக்குப் பச்சைப் பொட்டு டம்ளரை எடுத்து வைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வரும் வழியெல்லாம் பாலத்தின் மேல் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்த வாக்கியம்தான்.

"ஆறுமுகம், எனக்கு வந்தது டி.பி. அந்தப் பொட்டு டம்ளர எனக்குத் தாரும். நீரு இதுல குடியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருமினார். அது அவருக்கு எப்போதும் உள்ள இருமல்.

"அண்ணாச்சி, இது என் டம்ளரு. ஆறு வருசமா கைக்குப் பழகிட்டு, தர முடியாது." டீயை மற்ற டம்ளரில் நிறைய ஊற்றி என் கையில் கொடுத்தார். "ஒமக்கு வேணும்னா வேற ஒண்ணு வாங்கிப் பொட்டு வச்சுக்கிடும். பெயிண்ட் கடைதான?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்தது பிரியமா, ஆறு வருஷத்துக் கோபமா என்று அவர் முகத்தையே பார்த்தேன். தெரியவில்லை. மாடனின் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பதினாலு புள்ளி அப்படியே இருக்கிறது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் குடிக்கிற டம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன்.